மிளகாய் வைத்த உருண்டை

மகாச்சாய்,
செப்டம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

தாய்லாந்து வந்து சேர்ந்த உன் தங்கை ஸின் மார் எழுதுவது. நான் நலம். நீ நலமா? இந்த மழைக்கு அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏழாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. கோணலாக இருந்தால் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டிச் சிரிக்காதே.

ஞோ சித்தியின் அறையில்தான் இருக்கிறேன். மூன்றாம் மாடி. சித்திக்கு மீன் ஆலையில் இரவு வேலை, எனக்கு இறால் கொட்டகையில் பகல் வேலை. நான் உள்ளே வரும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் கை வைத்து இறால் உரிக்கிறேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. மற்றபடி ஒன்றும் கஷ்டமில்லை. கொட்டகையில் எல்லாப் பெண்களும் நம் நாட்டுக்காரர்கள். எல்லோர் கன்னத்திலும் அரைத்த தனாக்கா மரப்பட்டைப் பூச்சு இருக்கிறது. பார்த்தால் நம் முடோன் சந்தை மாதிரியே இருக்கிறது.

எனக்கு எதிர் மேசையில் நீலார் என்று ஒருத்தி. தவோய்க்காரி. அவள் சிரித்தால் கொட்டகையின் மறுகோடி வரை கேட்கும். மேஸ்திரி வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை தாய்லாந்து மொழியில், "இறாலுக்குக் காது ஏதுண்ணே? யாருக்காக மெதுவாப் பேசணும்?" என்றாள். மேஸ்திரியும் சிரித்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். நாங்கள் ஒரே மாடி.

நீ பயந்தபடி நான் தனியாக இல்லை. எனக்குச் சிநேகிதி இருக்கிறாள்.

வண்டியில் கடிதம் கொண்டுவரும் துன் அண்ணனுக்கு நம் கடை மொய்ங்கா ஒரு கிண்ணம், மீன் குழம்பு நிறைய ஊற்றிக் கொடு.

உன் தங்கை,
ஸின் மார்


முடோன்,
அக்டோபர் 6

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்கால் வலிக்கிறது, அதைத் திட்டிக்கொண்டே அம்மா நடக்கிறார். உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

இறாலுக்குக் காது இல்லை என்றதைக் கேட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் மொய்ங்காவைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த நீலாரை எனக்குப் பிடித்துவிட்டது. உனக்குச் சிநேகிதியா! இத்தனை வருஷம் நம் கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டு, யாராவது எட்டிப் பார்த்தால் அண்டாவுக்குள் தலையை விட்டவளுக்கா!

ஆனாலும் கிளம்பும்போது சொன்ன பேச்சு அப்படியே இருக்கிறது. ஏப்ரலில் நம் புத்தாண்டு, திஞ்சான் பண்டிகை வரை பார். அதற்குள் அங்கே உனக்கென்று ஒரு ஆள் இல்லை என்று தோன்றினால் துன் அண்ணன் வண்டியில் ஏறி வந்துவிடு. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன்.

நீலார் உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள்? ஸின் என்றா, மார் என்றா? எழுது. கையில் தேங்காய் எண்ணெய் தடவு. பட்டினி கிடக்காதே.

அக்கா,
கின் தீடா


மகாச்சாய்,
அக்டோபர் 29

அன்பு அக்காவுக்கு,

நலம். எண்ணெய் தடவுகிறேன். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

விளக்குப் பண்டிகையை இங்கே எப்படிக் கொண்டாடினோம் என்று கேள். நீலார் மாடி மாடியாகப் போய் எல்லோரையும் மொட்டைமாடிக்குத் திரட்டினாள். இறால் தட்டுகளைக் கவிழ்த்து வரிசையாக மெழுகுவத்தி ஏற்றினாள். கடல் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் விடவில்லை. பழைய வாளிகளை வெட்டி ஒவ்வொன்றுக்கும் மறைப்பு வைத்தாள். தீப்பிடித்துவிடும் என்று வீட்டுக்காரி சோம்ஜித் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து ஓரமாக நின்றார்.

விளக்கு ஏற்றியாகிவிட்டது, பெரியவர்களைக் கும்பிட வேண்டும். சித்தி இரவு வேலைக்குப் போய்விட்டார், எங்கள் கட்டடத்தில் மற்றதெல்லாம் சின்னப் பெண்கள். "பெரியவங்களே இல்லியே, யாரைக் கும்பிடறது?" என்றாள் பியூ. அவள் நீலாரோடு எப்போதும் இருக்கிறவள்.

"அதோ குடத்தோட நிக்கிறாங்களே, அவங்க என்ன சின்னப் பாப்பாவா?" என்றாள் நீலார்.

அத்தனை பேரும் சோம்ஜித் அம்மா முன்னால் மண்டியிட்டார்கள், அக்கா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினார். நீலார் ஆரஞ்சுப் பழங்களை நீட்டி, "எங்க அம்மா இங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க" என்றாள். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தலையாகத் தொட்டார்.

படிக்கட்டிலிருந்து பார்க்கும்போது மாடி முழுக்கத் தங்கம் கொட்டினது போல் இருந்தது. இப்படி ஒருத்தியால் எப்படி எல்லோரையும் சேர்க்க முடிகிறது என்று நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உன் தங்கை,
ஸின் மார்


முடோன்,
நவம்பர் 25

என் செல்லத்துக்கு,

எல்லோரும் நலம். பக்கத்துக் கடைக்காரர் உன் சோம்ஜித் அம்மா கதையை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுப் போனார்.

இப்படிப்பட்ட நீலார் திஞ்சானுக்கு என்னவெல்லாம் செய்வாளோ! அரிசி மாவுக்குள் வெல்லம் வைத்து உருண்டை பிடித்து, வெந்நீரில் வேகவைத்து வழிப்போக்கர்களுக்குப் போடுவாள், கட்டாயம். மிளகாய் உருண்டையும் இருக்கும். உனக்கு நினைவிருக்கிறதா? நீ சின்னவளாக இருந்தபோது வெல்லத்துக்குப் பதில் ஊசி மிளகாய் வைத்து உனக்கு ஒன்று கொடுத்தோம். ஊரே உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு சத்தம் போடாமல் மென்று விழுங்கிவிட்டாய். அதோடு யாரும் உனக்கு மிளகாய் வைப்பதில்லை. வைத்து என்ன பிரயோசனம்?

நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லையே. நீலார் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்?

அக்கா,
கின் தீடா


மகாச்சாய்,
டிசம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே லேசாகக் குளிர். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது.

சென்ற வாரம் நீலாருக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்காரிதானே எல்லோருக்கும் போட வேண்டும், அதனால் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் செய்தாள். மொட்டைமாடியில் இரண்டு பெரிய அண்டா. பியூ உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். "நம்மள வளர்த்தது கடல்தானே, அதையும் கொஞ்சம் குடிங்க" என்று சொல்லி இன்னும் தேங்காய்ப்பால் ஊற்றிச் சரிசெய்தாள் நீலார். வேலையிலிருந்து வராதவர்களின் அறை வாசலில் எல்லாம் கிண்ணத்தில் மூடிவைத்தாள். ஒரு வாசலைக்கூட விடவில்லை. எங்கள் வாசலிலும் இருந்தது. அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. உன் மொய்ங்காவைத் தவிர.

எல்லோரும் களைத்துப்போய் அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் அண்டா, கரண்டி, கிண்ணம் எல்லாம் குழாயடியில் கழுவிக் கவிழ்த்திருந்தன. நீலாருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்படியே நின்று கையைத் தட்டினாள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
ஸின் மார்


முடோன்,
ஜனவரி 24

ஸின் மாருக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை கடையில் இல்லை, தனியாக. நீலார் மேஸ்திரியிடம் பேசுகிறாள். பியூவிடம் பேசுகிறாள். சோம்ஜித் அம்மாவிடம் பேசுகிறாள். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கை நீ படிக்கட்டிலிருந்து பார்த்திருக்கிறாய். உன் நூடுல்ஸ் வாசலில் இருந்திருக்கிறது. அந்த அண்டாக்களை யார் கழுவியது என்று எனக்குத் தெரியும். நம் கடைப் பாத்திரத்தை நீ கவிழ்த்துவைக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

திட்டவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


மகாச்சாய்,
மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நீ நலமா, அம்மா நலமா? பிப்ரவரியில் துன் அண்ணன் வந்தபோது கொடுக்க என்னிடம் கடிதம் இல்லை. இரண்டு எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் பெயர் அவளுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் நான் எழுதியது எதுவும் பொய் இல்லை, அக்கா. எல்லாம் நடந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் நடந்தது போலவே இருக்கும். நாள் முழுக்க எதிரில் நின்று அவள் பேசுவதைக் கேட்கிறேன். நல்ல பதில்கூட எனக்குத் தோன்றும். அதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. திஞ்சானுக்கு உருண்டை செய்யப் போகிறார்கள். அவள் அறைக் கதவு வரை இரண்டு தடவை போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. நான் தட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுபோகுமே என்று திரும்பிவிட்டேன்.

நாம் பேசிவைத்தபடி ஊருக்கே வந்துவிடுகிறேன். துன் அண்ணன் பண்டிகையின் முதல் நாள் காலையில் கிளம்புகிறாராம். என் மூட்டை சின்னதுதான்.

ஸின் மார்


முடோன்,
மார்ச் 16

என் செல்லத்துக்கு,

நாங்கள் நலம். சரி, வா. துன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், முன் இருக்கையில் இடம் வைப்பார். உன் பாயை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

அக்கா,
கின் தீடா


முடோன்,
மார்ச் 16

முகம் பார்த்திராத தங்கை நீலாருக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். உன் எதிர் மேசையில் இறால் உரிக்கும் ஸின் மாரின் அக்கா நான். உன்னை எனக்கு நன்றாகத் தெரியும். இறாலுக்குக் காது இல்லை என்பதும், குடத்தோடு நின்ற அம்மாவும், உப்பு அதிகமான நூடுல்ஸும் இங்கே முடோன் பேருந்து நிலையம் முழுக்கத் தெரியும். அவள்தான் எழுதினாள்.

அவளோடு சிநேகமாக இரு என்று கேட்க நான் எழுதவில்லை. கேட்டு வாங்குவது சிநேகம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். சாப்பிட வா என்று கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். வேலைக்குக் கூப்பிட்டால் வருவாள். அவள் பிடிக்கும் உருண்டை வெந்நீரில் வெடிக்காது. வெல்லம் ஒரு சொட்டு வெளியே வராது. ஆள் தேவை இருந்தால் கூப்பிட்டுப் பார். தேவை இல்லை என்றால் விட்டுவிடு.

அவள் பேசாதவளாக ஆனதற்கு நானும் காரணம். யார் எது கேட்டாலும், அவள் வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பினேன்.

இதோடு பனைவெல்லம் அனுப்புகிறேன். அங்கே கிடைக்கும் வெல்லம் இளகல் என்று துன் அண்ணன் சொன்னார். உருண்டைக்குள் நிற்காது. நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
கின் தீடா


மகாச்சாய்,
ஏப்ரல் 13, காலை

கின் தீடா அக்காவுக்கு,

கீழே துன் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன். நான் நலம், நீங்கள் நலமாக இருங்கள், அம்மாவும்.

உங்கள் கடிதம் வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அக்கா, நாங்கள் அவளைத் திமிர்பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! தலையை வழவழவென்று வாரிக்கொண்டு, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் போவாள். எங்களுக்குள் அவளுக்கு மகாராணி என்று பெயர். என் பிறந்தநாள் பாத்திரங்களை சோம்ஜித் அம்மா கழுவினார் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் செய்ததை எல்லாம் ஒருத்தி உட்கார்ந்து எழுதினாளா? என் அம்மாவுக்குக்கூட நான் இங்கே என்ன செய்கிறேன் என்று தெரியாது.

உடனே ஓடிப்போய்ப் பேசவில்லை. பேசியிருந்தால் நீங்கள் சொல்லித்தான் என்று கண்டுபிடித்திருப்பாள். இன்று மாவு ஊறும் வரை காத்திருந்தேன். அதற்குள் அவள் மூட்டையை வண்டியில் ஏற்றியாகிவிட்டது! நேரே போய், "ஏய், உனக்கு உருண்டை பிடிக்கத் தெரியுமா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

"போன வருஷம் எங்களோடது எல்லாம் வெடிச்சுக் கஞ்சியாப் போச்சு. பிச்சைக்காரன்கூட வேணாம்னு போயிட்டான். வர்றியா?"

வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை. "என்ன?" என்றேன். "வெல்லம் கெட்டியா இருக்கா?" என்றாள். அக்கா, அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது!

மூட்டையை நானே இறக்கிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் துன் அண்ணனிடம் கொடுக்கும்போது அவள் பக்கத்தில் இருக்கக்கூடாதே என்று பயந்தேன். இல்லை. மேலே மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவளுக்கு மிளகாய் வைக்கலாமா? எப்படியும் உங்கள் பதில் வருவதற்குள் வைத்துவிடுவேன்.

நீலார்


மகாச்சாய்,
ஏப்ரல் 22

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? வண்டியில் நான் இல்லை என்று பார்த்ததும் பயந்திருப்பாய். துன் அண்ணன் விவரம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

நான் உருண்டை பிடிக்க உட்கார்ந்தேன். முதலில் யாரும் என்னோடு பேசவில்லை. என் உருண்டைகள் முழுசாக மிதந்து மேலே வந்தபோது பியூதான் முதலில் கத்தினாள். "ஏய், வெடிக்கல! பாருங்கடி, ஒண்ணுகூட வெடிக்கல!" பிறகு எல்லோரும் எனக்குப் பக்கத்தில் வந்து கையைப் பார்த்தார்கள். விரலை எப்படி மடக்குவது என்று காட்டினேன். காட்டும்போது பேசாமல் முடியவில்லை, அக்கா. பேசினேன்.

தெருவில் பந்தல். ஒரு பக்கம் நம் ஆட்கள், மறுபக்கம் தாய்லாந்துக்காரர்கள். அவர்களுக்கும் அதே நாளில்தான் புத்தாண்டு. அவர்கள் எங்கள் கன்னத்தில் வெள்ளைச் சாந்து பூசினார்கள், நாங்கள் அவர்களுக்குத் தனாக்கா பூசினோம். ஒருவர் மேல் ஒருவர் வாளி வாளியாக ஊற்றியதில் ஒரே தண்ணீர். முந்தின நாள் பெய்த சின்ன மழைக்கு எங்கள் தெருமுனை வேங்கை மரம்கூடப் பூத்துவிட்டது. நீலார் ஏறிப் பறித்து எல்லோர் தலையிலும் செருகினாள். சோம்ஜித் அம்மா கேட்டுக் கேட்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். வருகிறவர்களுக்கு எல்லாம் நான்தான் தேங்காய்த் துருவல் தூவிக் கொடுத்தேன்.

மத்தியானம் நீலார் ஒரு கிண்ணம் கொண்டுவந்து நீட்டினாள். "ஊருக்கெல்லாம் போடற, நீ சாப்பிட்டியா?"

ஒன்றை வாயில் போட்டேன். கடித்த பிறகுதான் பந்தல் அமைதியாக இருப்பது தெரிந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிப்போக்கர்களுக்கு மிளகாய் வைக்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தங்கள் ஆளுக்குத்தான் வைப்பார்கள்.

விழுங்கியிருப்பேன், அக்கா. விழுங்கத்தான் போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீலார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாது.

"அடிப் பாவி! நீலாரு! உன்ன என்ன பண்றேன் பாரு!"

தெருவுக்கே கேட்டது. அந்தப் பக்கத்துத் தாய்லாந்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளைத் துரத்தினேன். அவள் ஓடிக்கொண்டே, "பேசிட்டா! மகாராணி பேசிட்டாடி!" என்று கத்தினாள். வேங்கை மரத்தடியில் பிடித்து வாளியை அப்படியே தலையில் கவிழ்த்தேன். இரண்டு பேரும் நனைந்துபோய் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். "ரொம்பக் காரமா?" என்றாள். "ரொம்ப" என்றேன். சர்க்கரை எடுத்துவந்து என் நாக்கில் வைத்தாள்.

வெல்லம் மிக நன்றாக இருந்தது. அது பொதிந்திருந்த துணியை நான்தான் அவிழ்த்தேன். முடிச்சின் வால் உள்ளே செருகியிருந்தது. நம் வீட்டில் ஒருத்தர்தான் அப்படி முடிச்சுப் போடுவார். எங்கே வாங்கினாய் என்று நீலாரிடம் கேட்டேன். "சந்தைலதான்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

வெயிலில் போட்டிருக்கும் என் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிடு. மழை வந்தால் வீணாகிவிடும்.

நீலார் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. இப்போது எழுதலாம். எங்கள் மாடி முழுக்க, கொட்டகை முழுக்க, சோம்ஜித் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் நானும் "என்னடி?" என்று இறால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறேன்.

உன் தங்கை,
மிளகா